டயருக்கு அளவுகோல் உண்டு, சாலைக்கு?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், தடாவில் மேற்கே திரும்பி ஸ்ரீகாளஹஸ்தி சாலையைப் பிடித்தால் வருகிற ஊர் வரதய்யபாளையம். பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் ஒரு பகுதி இந்த மண்டலத்துக்குள் வருவதால் லாரிகளும் கண்டெய்னர்களும் தொழிலாளர் பேருந்துகளும் இரவு பகலாக இந்தச் சாலைகளில் ஓடுகின்றன. இதே மண்டலத்தின் சின்னபாண்டூரில் அப்போலோ நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை 2020 முதல் இயங்குகிறது. கார், லாரி, பேருந்து டயர்கள் எல்லாம் ஈரத்தரையில் குறிப்பிட்ட அளவு பிடிமானம் காட்டியே ஆக வேண்டும் என்று மத்திய அரசு 2022 ஜூனில் விதி செய்தது. புதிய வடிவ டயர்களுக்கு அந்த ஆண்டு அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த வடிவங்களுக்கு 2023 ஏப்ரல் முதலும் அது நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. டயர் ஈரத்தில் வழுக்காது என்பதைத் தயாரிப்பவர் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும். ஆனால், பிடிமானம் என்பது இரண்டு பரப்புகள் சேர்ந்து தருவது. ஒன்று ரப்பர், மற்றொன்று சாலை. ரப்பரிடம் கேட்கிற கேள்வியைச் சாலையிடம் நாம் உரக்கக் கேட்பதில்லை.

மழையில் ஒரு வண்டி சறுக்கிப் போய்த் தடுப்பில் மோதினால், மறுநாள் செய்தியில் ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்று வரும். ஓட்டியவர் வேகமாக வந்தார் என்பதோடு விசாரணை முடிந்துவிடும். வேகம் காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் ஏன் தேங்கி நின்றது, ஜல்லி ஏன் மழுங்கிக் கிடந்தது, சாலையின் சரிவு எந்தப் பக்கம் இருந்தது என்ற கேள்விகளையும் கேட்டாக வேண்டும். சாலைப் பரப்பின் பிடிமானம் அளக்கக்கூடியது, வடிவமைக்கக்கூடியது, ஆண்டுதோறும் பராமரிக்கக்கூடியது. அப்படி இருக்கும்போது சறுக்கலின் பழியைத் தலைவிதியின் மேலும் ஓட்டுநரின் மேலும் மட்டுமே சுமத்துவது நியாயமில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கார் டயர் ஒன்று தரையைத் தொடும் பகுதி ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். 20 செ.மீ. அகலமுள்ள டயர், 3 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற சாலையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. கணக்குப் போட்டால், ஒவ்வொரு நொடியும் 15 லிட்டர் தண்ணீரை, அதாவது ஒரு குடம் தண்ணீரை, ஒரே டயர் தன் வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். டயரில் உள்ள பள்ளங்களின் வழியாகவும், சாலையின் சொரசொரப்பில் உள்ள இடுக்குகளின் வழியாகவும்தான் அந்தத் தண்ணீர் வெளியேற முடியும். அந்த வழி போதாமல் போனால், டயருக்கு முன்னால் குவிகிற தண்ணீர் ஆப்பாக உள்ளே நுழைந்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. அதன்பின் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. பொறியாளர்கள் ஹைட்ரோபிளேனிங் என்று சொல்லும் இந்த நீர்மிதப்பு சில நொடிகளே நீடிக்கும். நெடுஞ்சாலையில் அந்தச் சில நொடிகளில் வண்டி நூறு மீட்டர் போய்விடும்.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் விமானத் துறையினர். அமெரிக்காவின் நாசாவைச் சேர்ந்த வால்டர் ஹார்னும் ராபர்ட் ட்ரெஹரும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, நீர்மிதப்பு தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று காட்டியது. டயரின் பள்ளங்களையும் சாலையின் சொரசொரப்பையும் மூழ்கடிக்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால், 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள கார் டயர் மணிக்கு ஏறக்குறைய 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 24-க்கு இறங்கியிருந்தால் 82 கி.மீ. வேகமே போதும். நம் நான்குவழிச் சாலைகளில் கார்கள் சாதாரணமாகப் போகும் வேகம் இது. லாரி டயரில் காற்றழுத்தம் மிக அதிகம் என்பதால் லாரிக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைக்கத் தோன்றும். சரக்கோடு போகிற லாரிக்கு அது சரி. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியிலோ, எடை இல்லாததால் டயர் தரையைத் தொடும் பகுதி நீளம் குறைந்து, அகலம் மட்டும் மிஞ்சிய துண்டாகிவிடுகிறது. அப்படிப்பட்ட லாரி நெடுஞ்சாலை வேகத்திலேயே மிதக்கக்கூடும் என்பதை ஹார்ன் 1980களில் விளக்கினார். தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றி வந்து காலியாகத் திரும்பும் வண்டிகள் மிகுந்த பகுதிக்கு இது முக்கியமான செய்தி.

தண்ணீர் குளமாக நின்றால்தான் ஆபத்து என்பதும் இல்லை. பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ரப்பர்த் துகளும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து மெல்லிய படலமாகின்றன. அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு ரப்பர் கல்லைத் தொட வேண்டுமென்றால் கல்லின் முகத்தில் கூர்மை வேண்டும். ஆகவே சாலைக்கு இரண்டு விதமான சொரசொரப்பு தேவைப்படுகிறது. ஒன்று, ஒவ்வொரு ஜல்லியின் மேலும் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி உணரக்கூடிய நுண்ணிய கரடு. இது படலத்தைக் கிழிக்கிறது, எல்லா வேகத்திலும் உதவுகிறது. மற்றொன்று, ஜல்லிக்கும் ஜல்லிக்கும் இடையே உள்ள மில்லிமீட்டர் அளவிலான இடுக்குகள். இவை தண்ணீர் வெளியேறும் வாய்க்கால்கள், வேகம் கூடக்கூட இவற்றின் தேவை கூடுகிறது. இதில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் சாலை பாதிக் காவல்தான் தரும்.

நுண்ணிய கரடு கல்லின் குணத்தைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கான சக்கரங்கள் தேய்த்த பிறகும் சில கற்கள் சொரசொரப்பாகவே இருக்கும், சில கற்கள் மொழுமொழுவென்று ஆகிவிடும். சுண்ணாம்புக்கல் சீக்கிரம் வழவழப்பாகிவிடும் வகை. வெவ்வேறு கடினம் கொண்ட தாதுக்கள் கலந்த கற்கள் பொதுவாக நெடுநாள் தாங்கும். இதை அளக்கிற சோதனையில் கல்லைச் செயற்கையாகத் தேய்த்து மழுங்கவைத்து, மிஞ்சும் உராய்வுக்கு எண் கொடுக்கிறார்கள். மேல் அடுக்குக்கான ஜல்லிக்கு அந்த எண் குறைந்தது 55 இருக்க வேண்டும் என்கின்றன மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைகள். பழைய சித்தூர் மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர்போனது, ஆகவே நல்ல கல் கிடைக்காத பஞ்சம் இங்கே இல்லை. ஆனால் ஒரே குவாரியிலேயே அடுக்குக்கு அடுக்கு கல் மாறும். கிரஷரிலிருந்து வருகிற ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துப் பார்க்கிற ஒழுங்கு இருந்தால்தான் விதிமுறையில் உள்ள எண் சாலையிலும் இருக்கும். இடுக்குகளின் ஆழத்தை அளப்பதோ இன்னும் எளிது. குறிப்பிட்ட அளவு மெல்லிய மணலைச் சாலையில் கொட்டி வட்டமாகப் பரப்பினால், வட்டம் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு ஆழமான சொரசொரப்பு. ஒரு பிடி மணலும் ஓர் அளவுகோலும் இருந்தால் எந்தச் சந்திப்பிலும் ஓர் உதவிப் பொறியாளர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

அடுத்தது, தண்ணீர் சாலையை விட்டு இறங்க எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்பது. ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடங்களில் தார்ச் சாலைக்கு 2.5 சதவீதப் பக்கச் சரிவு, அதற்குக் குறைவான இடங்களில் 2 சதவீதம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெடுஞ்சாலைக் கையேடுகள் வகுத்திருக்கின்றன. கேம்பர் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லும் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் சரிவைக் கூட்டுவதைவிட, ஓடும் தூரத்தைக் குறைப்பதுதான் அதிகப் பலன் தரும். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் ராஸ், ரஸ்ஸம் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, ஓடும் தூரம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. சரிவை 2-லிருந்து 2.5 சதவீதமாக உயர்த்தினாலோ ஆழம் சில சதவீதமே குறைகிறது. நான்குவழிச் சாலை ஆறுவழியாகும்போது ஒரு பக்கத்து ஓடுதளம் 7 மீட்டரிலிருந்து 10.5 மீட்டராகிறது. அதே மழைக்கு, வெளிப்புற விளிம்பில் தண்ணீரின் ஆழம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. சாலையை அகலப்படுத்துகிற ஒவ்வொரு திட்டமும் மழைக்காலத்தில் கூடுதல் ஆபத்தை உருவாக்குகிறது, அதற்கு ஈடாகச் சொரசொரப்பையோ வடிகாலையோ கூட்டினால் தவிர.

வளைவுகளில் இது இன்னும் நுட்பமானது. வளைவில் வண்டி வெளியே தள்ளப்படாமலிருக்கச் சாலை உட்புறமாகச் சாய்க்கப்படுகிறது. நேர்சாலையில் இடப்பக்கம் சரிந்திருந்த பரப்பு, வலது வளைவு வரும்போது வலப்பக்கம் சரிய வேண்டும். அந்த மாற்றத்தின் நடுவே ஓர் இடத்தில் சரிவு சுழியமாகிறது. முன்னும் பின்னும் ஏற்ற இறக்கம் இல்லாத சமவெளியில் அந்த இடத்தில் தண்ணீருக்குப் போக வழியே இருக்காது. தடாவைச் சுற்றிய கடலோரச் சமவெளி அப்படிப்பட்டதுதான். பெருமழையில் கார்கள் சறுக்கும் இடங்களைத் தேடினால் முதலில் பார்க்க வேண்டியவை இந்த மாற்றப் பகுதிகள். சரிவு வலப்பக்கம் திரும்பிய பிறகு தண்ணீர் நடுத்தடுப்பை நோக்கி வரும். அங்கே வடிகால் துளைகள் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தால், வேகமாக ஓடும் வண்டிகளின் தடத்திலேயே அது தேங்கும். இவற்றோடு, வெயிலில் இளகிய தார்மேல் கனரக லாரிகள் ஊர்ந்து ஊர்ந்து உண்டாக்கும் சக்கரத்தடப் பள்ளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடிக்கு முன்னும் சந்திப்புகளுக்கு முன்னும் இவை மிகுதி. பள்ளத்தில் இறங்கிய தண்ணீருக்கு எந்தக் கேம்பரும் உதவாது. சாலையோர மண் உயர்ந்து புல் முளைத்துக் கரைகட்டி நின்றாலும் இதே கதிதான். அதைச் சரிசெய்ய உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், அக்டோபர் பிறப்பதற்கு முன் மண்வெட்டியோடு பத்து ஆட்கள் போதும்.

தண்ணீரை மேலே ஓடவிடாமல் சாலைக்குள்ளேயே இறக்கிவிடும் முறையும் உண்டு. நுண்ஜல்லியையும் மணலையும் பெருமளவு தவிர்த்து, உள்ளே துளைகள் இருக்கும்படி போடப்படும் தார்க்கலவை அது. நெதர்லாந்து தன் விரைவுச் சாலைகளில் பெரும்பாலானவற்றில் இதைப் போட்டிருக்கிறது, ஜப்பானின் விரைவுச் சாலைகளிலும் இது பரவலானது. மழையில் முன்னால் போகும் லாரி கிளப்பும் நீர்த்திரை இதில் வெகுவாகக் குறைகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா என்றால், தயங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் பயன் போய்விடும். கிராவல் லாரிகளும், மண்சாலைகளிலிருந்து ஏறிவரும் டிராக்டர்களும் நிறைந்த நம் சாலைகளில் அந்த அடைப்பு விரைவில் நேரும். அடர்த்தியான கலவையைவிட இதன் ஆயுளும் குறைவு. ஆகவே இந்தப் பகுதிக்குப் பொருத்தமானது, ஜெர்மனியில் 1960களில் உருவான வேறொரு கலவை. பெரிய ஜல்லிகள் ஒன்றையொன்று நேராகத் தாங்கி நிற்க, இடைவெளியைத் தாரும் நாரும் கலந்த பசை பிடித்துக்கொள்ளும் அமைப்பு அது. சக்கரத்தடப் பள்ளத்தை அது எதிர்க்கிறது, மேற்பரப்பிலும் நல்ல இடுக்குகளைத் தருகிறது. இதற்கான வழிகாட்டு விதிகளை இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறது. கான்கிரீட் சாலையானால் வரிவரியாகப் பள்ளம் கீறலாம். விமான ஓடுதளங்களில் இது பழகிய முறை, அமெரிக்காவில் வாஷிங்டன் தேசிய விமான நிலையத்தின் ஓடுதளத்தில் 1967-லேயே செய்தார்கள். நெடுஞ்சாலைகளிலும் அது கையாளப்படுகிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மழையில் வேகத்தைக் குறைத்து, டயரை ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதாதா, சாலையை ஏன் குறைசொல்ல வேண்டும் என்பது முதல் கேள்வி. வேகத்தைக் குறைப்பதுதான் மிகச் சிறந்த பாதுகாப்பு, 1.6 மி.மீ.க்குக் கீழே பள்ளம் தேய்ந்த கார் டயர் சட்டப்படியே ஓடத் தகுதியற்றது. ஆனால் முன்னால் கிடக்கும் தண்ணீர் 1 மி.மீ. ஆழமா 4 மி.மீ. ஆழமா என்பதை இரவு மழையில் எந்த ஓட்டுநராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைத் தவிர்க்கும் கடமையை, அதைப் பார்க்க வழியில்லாதவர் தலையில் மட்டும் வைக்கக்கூடாது. பிரான்சில் விரைவுச் சாலையின் வேக வரம்பு 130 கி.மீ., மழை பெய்தால் 110. சாலையை நன்றாகப் போட்ட நாடு மழைக்குத் தனி வரம்பும் வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. நம்மிடம் மழைக்கென்று தனி வரம்பு இல்லை, மழைக்கு ஏற்ற பரப்பு உண்டு என்ற உத்தரவாதமும் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. பிடிமானம் நன்றாக இருந்தால் மக்கள் இன்னும் வேகமாகப் போவார்கள், கடைசியில் பலன் ஒன்றுமில்லை என்பது. இதற்குச் சான்றும் இருக்கிறது. துளையுள்ள தார்ச்சாலைகள் பற்றிய பல நாட்டு ஆய்வுகளை நார்வேயின் ரூனே எல்விக்கும் டென்மார்க்கின் பௌல் கிரைபேயும் 2005-இல் தொகுத்துப் பார்த்தபோது, விபத்துகள் தெளிவாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. நீர்த்திரை குறைந்து பார்வை தெளிவானதும் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டியிருக்கலாம். இதை மறைக்கத் தேவையில்லை, இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். நூறு கிலோமீட்டருக்கும் ஒரே விலையுயர்ந்த கலவையைப் போடுவதைவிட, தேவை மிகுந்த இடங்களில் பிடிமானத்தைக் கூட்டுவதே புத்திசாலித்தனம். வளைவு, சரிவு மாறும் இடம், சந்திப்புக்கு முந்தைய ஐம்பது மீட்டர், பள்ளிக்கூட வாசல் ஆகிய இடங்களில் ஓட்டுநர் வேகத்தை அனுபவிக்க வருவதில்லை, நிற்கவோ திரும்பவோ வருகிறார். லண்டனில் 1960களின் பிற்பகுதியிலிருந்து சந்திப்புகளுக்கும் பாதசாரிகள் கடக்கும் இடங்களுக்கும் முன்னால் சுட்ட பாக்சைட் துகள்களை ஒட்டவைத்து உராய்வைக் கூட்டினார்கள். அந்த இடங்களில் சறுக்கல் விபத்துகள் நன்றாகவே குறைந்தன.

மூன்றாவது, ஆண்டில் சில நாள் மழைக்காக இவ்வளவு செலவா என்பது. நம் நாட்டில் பெரும்பாலான விபத்துகள் வெயில் நேரத்தில்தான் நடக்கின்றன என்பது உண்மை. ஆண்டின் பெரும்பகுதி வெயிலாக இருப்பதால் அது இயல்பும்கூட. கேட்க வேண்டியது, சாலை ஈரமாக இருக்கும் சில மணி நேரங்களில் ஒவ்வொரு பயணமும் எவ்வளவு ஆபத்தாகிறது என்பதுதான். இந்த வட்டாரத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்க்கிறது. ஐயப்ப பக்தர்களின் வேன்கள் ஆந்திரத்திலிருந்து தெற்கே போவதும், கார்த்திகையில் ஸ்ரீகாளஹஸ்திக்குக் கூட்டம் வருவதும் அதே மாதங்களில்தான். நீர்மிதப்பு வேகமாகப் போகும் கார்க்காரரின் கவலை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். வழவழத்த ஜல்லியும், மழையில் வழுக்கும் வெள்ளைக்கோடும், லாரி வாரியிறைக்கும் நீர்த்திரையும் அவர்களை 40 கி.மீ. வேகத்திலேயே வீழ்த்திவிடும். நல்ல பரப்பு அவர்களுக்கும் சேர்த்தே. செலவைப் பொறுத்தவரை, எப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல் அடுக்கு புதிதாகப் போடத்தான் போகிறோம். அப்போது சரியான கல்லையும் சரியான கலவையையும் தேர்ந்தெடுப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு, சாலையின் மொத்தச் செலவில் சிறு பங்கே.

பிடிமானத்தை அளந்து பராமரிப்பதைச் செய்துகாட்டிய நிர்வாக முறை பிரிட்டனில் இருக்கிறது. 1988 முதல் அந்நாட்டின் முக்கியச் சாலைகளின் ஈரப் பிடிமானத்தைத் தண்ணீர் தெளித்தபடி ஓடும் அளவை வண்டிகளால் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். சாதாரண நேர்சாலைக்கு ஓர் அளவு, கூர்வளைவுக்கும் சந்திப்புக்கும் அதைவிட உயர்ந்த அளவு. ஓர் இடம் தன் அளவுக்குக் கீழே போனால் அங்கே விசாரணை நடக்கும், சரிசெய்வதற்குள் ‘வழுக்கும் சாலை’ என்ற பலகை நிற்கும். நம் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் லேசரும் கேமராவும் பொருத்திய ஆய்வு வண்டிகளை ஓட்டுகிறது. விரிசல், குழி, சக்கரத்தடப் பள்ளம், மேடுபள்ளம் எல்லாம் பதிவாகின்றன. குலுங்காத சாலையே நல்ல சாலை என்ற எண்ணம் பயணிகளிடமும் அதிகாரிகளிடமும் ஊறியிருக்கிறது. வண்டி குலுங்காமல் போகும் சாலை, மழையில் பிடிமானமே இல்லாததாகவும் இருக்கலாம். குலுக்கலை அளப்பதுபோலவே பிடிமானத்தையும் அளந்து, கிலோமீட்டர் வாரியாக வெளியிட்டால்தான் அந்த எண்ணம் மாறும்.

இதைக் கேட்க இதுவே தக்க நேரம். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட 262 கி.மீ. நீளமுள்ள சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை சித்தூர் மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது, மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கி.மீ. வரை அனுமதித்து மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வரம்பு எதுவானாலும், 94 கி.மீ.க்கு மேல் கார் டயர் மிதக்கலாம் என்ற கணக்கை எந்த அறிவிக்கையாலும் மாற்ற முடியாது, அதைத் தள்ளிப்போடச் சாலைப் பரப்பால்தான் முடியும். ஆகவே கோரிக்கை இவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் நெடுஞ்சாலைகளின் ஈரப் பிடிமானத்தையும் சொரசொரப்பின் ஆழத்தையும் அளந்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அளவு குறைந்த இடங்களில் உடனே பலகை வைத்து, பருவமழைக்கு முன் வடிகாலைத் திறந்து, அடுத்த மேல் அடுக்கில் அந்த இடங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும், பெருமழையில் தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கும் என்ற கணக்கு இருந்தாக வேண்டும். மழையில் நடக்கும் ஒவ்வொரு சறுக்கல் விபத்தின் விசாரணையிலும் வண்டியின் டயரைப் பார்ப்பதுபோல அந்த இடத்துச் சாலையையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிமுறைகளில் பெரும்பாலானவை நம்மிடமே எழுதப்பட்டுக் கிடக்கின்றன, அவற்றை நடைமுறைப்படுத்தக் கேட்பது வரியும் சுங்கமும் கட்டுகிறவர்களின் உரிமை.